மீசை ஆலாவுக்கு மீசை எங்கே? (முகத்துவாரம் – காக்கைதீவு, மாசி பங்குனிக் காலை நடை)

முகத்துவாரத்தான் | பெப்ரவரி 15, ஞாயிறு, காலை 10.20

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட. சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து விடிய ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கி, காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவரை போய், ஆற்றுவாய் மணல்திட்டால் திரும்பி வருகிறேன். போன கார்த்திகையில் தொடங்கியது. முதலில் நடை மட்டும்தான். இப்போது மாமாவின் பழைய தொலைநோக்கியும் ஒரு சி.ஆர். கொப்பியும் கூட வருகின்றன.

எனக்கு இரண்டு கேள்வி.

ஆற்றுவாய்க்கு மேலே தினமும் இருபது முப்பது வெள்ளைப் பறவைகள் சுற்றுகின்றன. கொக்கைவிட மெலிவு, செட்டை கூர். தண்ணீரில் தொப்பென்று விழாமல், சொண்டால் மேலாகத் தொட்டுக் கிள்ளிக்கொண்டு எழும்பும். போன் செயலி அதை மீசை ஆலா என்கிறது. மூன்று மாதமாகப் பார்க்கிறேன், ஒன்றுக்குக்கூட மீசை இல்லை. நான் பிழையாக அடையாளம் காண்கிறேனா?

மற்றது, குளிர்நாட்டுக்காரர் எழுதுவதை வாசித்தால் பெப்ரவரி, மார்ச் வந்ததும் கழிமுகத்தில் முதல் பூ, முதல் பறவை என்று கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வசந்தம் கண்ணுக்குத் தெரியுமா? தெரியுமென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

ஊர்க்குருவி | பெப்ரவரி 15, காலை 11.05

எந்தக் காக்கைதீவு அண்ணை? ஆனைக்கோட்டைப் பக்கத்துக் காக்கைதீவு என்று நினைத்து ஆசையோடு ஓடி வந்தேன்!

முகத்துவாரத்தான் | பெப்ரவரி 15, காலை 11.40

கொழும்புக் காக்கைதீவு தம்பி, 155 பஸ் வந்து நிற்கிற பக்கம். யாழ்ப்பாணத்துக் காக்கைதீவைப் பற்றியும் யாராவது இழை தொடங்கினால் வாசிப்பேன்.

இளைப்பாறிய ரீச்சர் | பெப்ரவரி 15, இரவு 8.15

தம்பி, நீங்கள் பார்ப்பது மீசை ஆலாதான். மீசை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே இருக்கிற ஆறேழு மாதமும் அது சாதாரண உடுப்பில்தான் திரியும். நெற்றி வெள்ளை, கண்ணிலிருந்து பிடரிவரை கறுப்புக் கோடு, சொண்டு கறுப்பு, வயிறு வெள்ளை. ஊருக்குத் திரும்புகிற காலம் கிட்டும்போது இறகு மாறும். உச்சந்தலை முழுக்கக் கறுத்து, வயிறு அடுப்புச் சாம்பல்போல இருண்டு, சொண்டு கடும் சிவப்பாகும். மேலே கறுப்புத் தொப்பிக்கும் கீழே சாம்பலுக்கும் நடுவில் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கீற்று மிஞ்சும். அந்தக் கீற்றுத்தான் மீசை. கறுப்பு மீசையைத் தேடினால் அகப்படாது. பங்குனி கடைசிவரை பொறுங்கள், ஒன்றிரண்டாவது உங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் போகும்.

கூட்டத்தில் வெண்சிறகு ஆலாவும் கலந்து நிற்கலாம். கண்ணுக்குப் பின்னால் காது பொத்தியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு தொங்கினால், முதுகின் கடைசிப் பகுதி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அதுவாக இருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்வியைப் பின்னேரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வெள்ளவத்தையில் 31 வருடம். எங்கள் ஒழுங்கை மாமரத்தில் ஒவ்வொரு புரட்டாதி, ஐப்பசியிலும் ஒரு பழுப்புக் கீச்சான் வந்து இறங்கும். இறங்கின கிழமை முழுக்கக் கரகரவென்று ஏசும், இது என் இடம் என்று. பிறகு மாதக்கணக்கில் அதே கொப்பு. சித்திரை பிறக்கிற நேரம் ஒரு நாள் பார்த்தால் கொப்பு வெறுமையாக இருக்கும். எனக்கு வசந்தம் தெரிவது அந்த வெறும் கொப்பில்தான். குளிர்நாட்டில் வசந்தம் வந்து இறங்குகிறது. எங்களிடமிருந்து அது புறப்படுகிறது. அவர்கள் முதல் நாளைக் குறிக்கிறார்கள், நாங்கள் கடைசி நாளைக் குறிக்க வேண்டும். முதல் நாளைக் குறிப்பது சுலபம், கண்டதும் எழுதலாம். கடைசி நாளைக் குறிக்க ஒவ்வொரு நாளும் போக வேண்டும், ஏனென்றால் இன்றைக்குக் கண்டதுதான் கடைசி என்று இன்றைக்குத் தெரியாது. நீங்கள் தினமும் நடக்கிறவர். உங்களால் முடியும்.

ஊர்க்குருவி | பெப்ரவரி 15, இரவு 9.02

ரீச்சர், ஒரு சந்தேகம். குளிர்நாட்டில் பகல் நீளுவதைப் பார்த்துப் பறவை காலம் அறியும் என்று படித்தோம். கொழும்பில் பகல் நீளுகிற மாதிரியே தெரியவில்லையே. அது எப்படிக் கணக்கு வைக்கிறது?

இளைப்பாறிய ரீச்சர் | பெப்ரவரி 16, காலை 6.50

கெட்டிக்காரக் கேள்வி. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசம் மட்டும் போதாது. வலசைப் பறவைக்கு உடம்புக்குள்ளேயே ஒரு வருடக் கணக்கு ஓடுகிறது. 12 மணித்தியாலம் வெளிச்சம், 12 மணித்தியாலம் இருட்டு என்று மாறாமல் வைத்த கூண்டில் வருடக்கணக்காக வளர்த்த குருவிகளும் காலம் வர இறகு மாற்றின, புறப்படுகிற நாட்களில் இரவிரவாக நிலைகொள்ளாமல் துடித்தன. வெளியே இருந்து யாரும் சொல்லவில்லை. உங்கள் ஆற்றுவாய் ஆலாவுக்கும் அந்தத் துடிப்பு இப்போது தொடங்குகிற நேரம்.

மாபோலை நானா | பெப்ரவரி 16, மாலை 5.30

நான் ஆற்றுக்கு அந்தப்பக்கம், வத்தளைக் கரையாள். பறவையின் பேரெல்லாம் ரீச்சர் மாதிரி எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து வாப்பாவோடு ஹமில்டன் கால்வாயில் வள்ளம் போனவன். 1804இல் வெட்டி முடித்த கால்வாய் அது, முத்துராஜவெல சதுப்பு ஓரமாக நீர்கொழும்புக் களப்புவரை போகும்.

மாசியில் ஆற்றில் நடப்பதைத் தம்பி கவனித்தாரோ தெரியாது. மாரி ஓய்ந்து மேலேயிருந்து வரும் தண்ணி குறைந்தால் கடல் உள்ளே ஏறும். உப்பு பாரம், நல்ல தண்ணிக்கு அடியால்தான் ஊர்ந்து போகும். மேலே கையை விட்டு நக்கினால் நல்ல தண்ணி, ஒரு பாகம், அதாவது ஆளுயரம், கீழே உப்பு. வரட்சி கூடின வருடத்தில் அம்பத்தலைவரை போகப் பார்க்கும், கொழும்புக்குக் குடிதண்ணி எடுக்கிற இடம் அதுதான், அதனால் அங்கே உப்பை மறிக்கத் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். அந்த உப்போடு கடல் மீன்குஞ்சு கூட்டம் கூட்டமாக உள்ளே வரும். ஆலா சொண்டால் கிள்ளுகிறது என்று எழுதினீர்களே, கூடுதலாக அந்தக் குஞ்சைத்தான். எங்கட ஆட்கள் ஆலா குனிகிற இடத்தைப் பார்த்துத்தான் வலை விடுவார்கள்.

எங்கட கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. மற்ற நாடுகளில் போலக் கிலோமீற்றர்க் கணக்கில் சேறு வெளிக்காது. ஒரு முழம் வெளித்தாலும் போதும், உள்ளான் எல்லாம் அந்த ஒரு முழத்துக்கு வந்துவிடும். அமாவாசை, பறுவம் ஒட்டின நாளில் வற்றுகிற நேரத்துக்குப் போங்கள்.

அடம்பன்கொடி | பெப்ரவரி 17, மதியம் 1.10

பூவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, நான் சொல்லட்டுமா? எனக்குப் பாடம் தாவரவியல், பேரைப் பார்த்தாலே தெரியும்.

அண்ணா, காக்கைதீவில் உங்கள் காலடியில் கிடக்கிறது அடம்பன். இலை ஆட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்திருக்கும், பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. விடியத்தான் விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். பின்னேரம் கடற்கரைக்குப் போகிறவர்கள் அதைப் பூவாகவே கண்டிருக்க மாட்டார்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஆட்கள் சொல்வது சும்மா இல்லை. ஒவ்வொரு கணுவிலும் வேர் இறக்கி மணலைப் பிடித்து வைக்கும். அது இல்லாத இடத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்கு மணல் பறந்துவிடும்.

மீசையைத் தேடுகிறீர்கள் அல்லவா, கடற்கரையிலேயே இன்னொரு மீசை இருக்கிறது: இராவணன் மீசை. ஊசிபோல விறைத்த புல். அதன் பெண் பூக்கொத்து முள் பந்துபோல இருக்கும், முற்றினால் கழன்று காற்றோடு மணலில் உருண்டு உருண்டு ஓடும், போகிற வழியெல்லாம் விதை சிந்தும். ஒரு நாள் அதன் பின்னால் நானும் நடந்தேன், ஐம்பது அடி ஓடி அடம்பனில் சிக்கி நின்றது.

ஆற்றுப் பக்கம் திரும்பினால் கிண்ணை மரம். சிங்களத்தில் கிரல என்பார்கள், பழத்தில் பானம் செய்வார்கள். இதன் பூவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் விடிய நடை சரிவராது. பொழுதுபட்டுத்தான் விரியும், இரவு முழுக்க வௌவாலுக்குத் தேன் கொடுக்கும், விடிகிறபோது கேசரம் எல்லாம் உதிர்ந்துவிடும். நீங்கள் போகிற ஆறு மணிக்குத் தண்ணீர் மேலே சிவப்பும் வெள்ளையுமாக மயிரிழைகள் மிதந்தால் அண்ணாந்து பாருங்கள், கிண்ணை அங்கே இருக்கும். எனக்கு அந்த மிதக்கிற இழைகள் பூவைவிடப் பிடிக்கும்.

மஞ்சள் பூ இரண்டு வகை உண்டு, எல்லாரும் மாற்றிச் சொல்வார்கள். நீர்ப்பருத்தியும் பூவரசும். இரண்டும் காலையில் மஞ்சள், மாலையில் சிவந்துவிடும். இலையின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். மெத்தென்று சாம்பல் பூத்திருந்தால் நீர்ப்பருத்தி, வழுவழு என்று பளபளத்தால் பூவரசு.

ஒன்றைத் தொடவே வேண்டாம்: தில்லை. கொப்பு முறிந்தால் வெள்ளைப் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். படம் எடுக்கக் கொப்பை வளைக்கிறவர்கள் கவனம்.

முகத்துவாரத்தான் | பெப்ரவரி 18, காலை 9.00

தங்கச்சி, இன்றைக்கு விடிய கிண்ணை இழையைக் கண்டேன்! மூன்று மாதமாக அதை யாரோ எறிந்த பிரஷ் மயிர் என்று நினைத்திருந்தேன். அண்ணாந்து பார்த்தால் மரம் நிறையக் காய், நட்சத்திரம் மாதிரிக் கிண்ணத்தில். பக்கத்துக் கொப்பில் ஒரு சின்ன நீல மீன்கொத்தி.

கொட்டாஞ்சேனைக் கமரா | மார்ச் 2, காலை 8.45

நண்பர்களே, இன்றைக்கு அருமையான ஒன்று கிடைத்தது. ஆட்காட்டிக் கூடு. வெறும் கல்லுத்தரையில் நாலு முட்டை, கல்லோடு கல்லாக. இரண்டு பறவையும் தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றின. படம் கீழே. இடத்தின் வரைபட இணைப்பும் போட்டிருக்கிறேன், விரும்பியவர்கள் போய் எடுக்கலாம்.

[இட இணைப்பு மட்டுறுத்தினரால் அகற்றப்பட்டது]

இளைப்பாறிய ரீச்சர் | மார்ச் 2, காலை 9.20

இணைப்பை எடுத்த மட்டுறுத்தினருக்கு நன்றி. கமராத் தம்பி, படம் வடிவு. ஆனால் நீங்கள் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டை வெயிலில் கிடந்தது. ஆட்காட்டி அடைகாப்பது சூடு கொடுக்க மட்டும் இல்லை, நிழல் கொடுக்கவும்தான். வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரப்படுத்துகிற பறவை அது. நீங்கள் நிற்கிற இடத்தைக் காகம் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஊரின் பேரே காக்கைதீவு.

கொட்டாஞ்சேனைக் கமரா | மார்ச் 2, காலை 10.10

தூரத்தில் நின்றுதான் எடுத்தேன் ரீச்சர். பத்து நிமிடம் இருக்கும். மற்றவர்களும் பார்த்து ஆசைப்பட்டால்தானே இந்த இடங்களைக் காப்பாற்ற ஆள் சேரும்? ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

மாபோலை நானா | மார்ச் 2, பகல் 12.30

மகன், ஆள் சேர வேண்டும் என்பது சரி. அதற்குக் கரையைக் காட்டுங்கள், கூட்டைக் காட்ட வேண்டாம். பறவை கத்தினால் அது எங்களைப் போகச் சொல்கிறது. கத்துகிற தூரத்துக்குப் போனதே கிட்டப் போனதுதான்.

கொட்டாஞ்சேனைக் கமரா | மார்ச் 2, இரவு 7.55

விளங்குகிறது நானா. கூட்டுப் படத்தையும் இங்கிருந்து அகற்றிவிட்டேன். அந்தப் பக்கம் நாயோடு நடக்கிற இருவரிடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னேன், கேட்டார்கள்.

முகத்துவாரத்தான் | மார்ச் 8, ஞாயிறு, காலை 10.00

கொப்பியிலிருந்து.

நேற்றுப் பின்னேரம் இடியோடு மழை. அதனால் இன்றைக்கு ஆறு கலங்கல், மேலேயிருந்து ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வந்தது. ஒவ்வொரு தீவிலும் ஒரு குருட்டுக்கொக்கோ சின்னக்கொக்கோ சவாரி. கடல் வாயில் அலை தொட்டதும் எழும்பி, பறந்து போய் அடுத்த தீவில் ஏறுகின்றன. எங்கள் ஆற்றை மூடுகிற பூண்டு என்று தெரியும். ஆனாலும் அந்த ஊதாப் பூவும் வெள்ளைக் கொக்கும் சேர்ந்து மிதந்து வந்தபோது நடையை நிறுத்திவிட்டேன்.

குருட்டுக்கொக்கு இரண்டுக்கு முதுகு கடும் மண்ணிறமாக மாறியிருக்கிறது. உண்ணிக்கொக்கு ஒன்றுக்குத் தலையில் செம்மஞ்சள் ஏறுகிறது. இவை இரண்டும் இங்கேயே இருக்கிறவை. அப்படியென்றால் போகிறவைக்கு மட்டுமில்லை, இருக்கிறவைக்கும் உடுப்பு மாறுகிறது.

நீலவால் பஞ்சுருட்டான் கம்பியில் 14. ஆலா 26. மீசை இல்லை.

ஒரு வேதனையும் எழுத வேண்டும். மணலைக் கையால் அளைந்தால் இப்போதும் சின்னச் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் வருகின்றன. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எரிந்த கப்பலிலிருந்து கரைக்கு வந்த மணிகளைப் போலவே இருக்கின்றன. உள்ளான் கொத்துகிற அதே மணல். தினமும் ஒரு சிரட்டை அளவு பொறுக்கிக்கொண்டு வருகிறேன். வீட்டில் ஒரு போத்தல் நிறைந்துவிட்டது.

ஊர்க்குருவி | மார்ச் 8, காலை 10.40

பஞ்சுருட்டானை எங்கள் ஊரில் கட்டலான் குருவி என்பார்கள். அம்மம்மாவின் வாயில் கேட்ட சொல். இதை வாசிக்கும்போது ஞாபகம் வந்தது.

அடம்பன்கொடி | மார்ச் 9, மாலை 4.20

முள்முருக்கு பூத்துவிட்டது, வத்தளைப் பக்கம் வேலியில் இலையே இல்லாமல் சிவப்பு. சிங்களத்தில் இது எரபது; எரபது பூத்தால் புத்தாண்டு வருகிறது என்பார்கள், கோஹா கூவினாலும் அப்படித்தான். எங்கள் குயில்தான் அவர்களின் கோஹா. அது எங்கும் போவதில்லை, வருடம் முழுக்க இங்கேயே இருக்கிறது. காகம் கூடு கட்டுகிற காலத்தில்தான் வாய் திறக்கிறது, ஏனென்றால் முட்டையை அங்கேதான் இட வேண்டும். காக்கைதீவில் இவ்வளவு குயில் ஏன் என்று இனிக் கேட்க வேண்டாம்.

முள்முருக்கில் தேன் குடிக்க மைனா, காகம், தேன்சிட்டு எல்லாம் வரும். ஒரு மரத்தடியில் அரை மணித்தியாலம் நின்றால் போதும்.

கொட்டாஞ்சேனைக் கமரா | மார்ச் 21, மாலை 6.30

மட்டக்குளி தூரமாக இருப்பவர்களுக்கு: தலங்கம குளம், பெத்தகான, தியசரு பூங்கா, 1990இல் சரணாலயமாக்கிய பெல்லன்வில–அத்திடிய, எல்லாம் பஸ்ஸில் போகக்கூடிய இடங்கள். 2018இல் உலகத்தில் முதன்முதலாக ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று ஏற்றுக்கொண்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. ஆனால் கடல் வாசமும் ஆற்று வாசமும் சேர்ந்து வர வேண்டுமென்றால் முகத்துவாரம்தான்.

முகத்துவாரத்தான் | மார்ச் 22, ஞாயிறு, காலை 9.50

பூங்காப் புல்லில் பொன் உப்புக்கொத்தி ஏழு. போன மாதம் எல்லாம் ஒரே மங்கல் மஞ்சள். இன்றைக்கு மூன்றுக்கு நெஞ்சில் கறுப்புத் திட்டுகள், மை சிந்தின கடதாசி மாதிரி. ஓடும், நிற்கும், குனியும், திரும்ப ஓடும். மூன்று அடி ஓடினால் ஒரு நிமிடம் சிலை.

நேற்றுப் பொழுதுபடுகிற நேரம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து வாழைக்குள்ளிருந்து இரண்டு சீழ்க்கை. ஆறுமணிக்குருவி! போனைப் பார்த்தேன், 6.14.

ஆலா 31. கூடியிருக்கிறது. மீசை இல்லை.

இளைப்பாறிய ரீச்சர் | மார்ச் 22, காலை 11.15

கூடினால் நல்ல அடையாளம், தெற்கே இருந்தவை மேலேறி உங்கள் ஆற்றில் தங்குகின்றன போலிருக்கிறது. பொன் உப்புக்கொத்தி போகிற இடம் சைபீரியாவின் துந்திரா. கறுத்த நெஞ்சோடு அது பனி கரைகிற நிலத்தில் நிற்கப்போகிறது. அந்த நெஞ்சு கறுக்கத் தொடங்குவதை மட்டக்குளிப் புல்லில் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

ஆறுமணிக்குருவி இன்னும் சில கிழமையில் இந்தியாவுக்கு மேலே போய்விடும். அது இரவில்தான் பறக்கும், அதனால் புறப்படுவதை யாரும் காண்பதில்லை. ஒரு பின்னேரம் சீழ்க்கை கேட்காது, அவ்வளவுதான். தினமும் நேரத்தைக் குறியுங்கள்.

முகத்துவாரத்தான் | ஏப்ரல் 5, ஞாயிறு, காலை 7.05

இன்னும் கரையில் நிற்கிறேன். கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மீசை!

வெயில் முதுகுக்குப் பின்னால். ஆற்றிலிருந்து கடலுக்குப் போகிற கூட்டத்தில் நாலாவது. வயிறு இருண்டு, தொப்பி கறுத்து, கன்னத்தில் ரீச்சர் சொன்ன அதே வெள்ளைக் கீற்று. திரும்பி என் பக்கம் வந்தது. சொண்டு ரத்தச் சிவப்பு. குனிந்து ஒரு மீனைக் கிள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு எண்ணினேன்: 19இல் ஐந்துக்கு முழு மீசை, மூன்றுக்கு அரைகுறை. மற்றவை இன்னும் வெள்ளை.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயாவிடம் தொலைநோக்கியைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் இது வேறே பறவை என்று நினைத்தேன் தம்பி என்றார்.

மாபோலை நானா | ஏப்ரல் 5, காலை 8.20

மாஷா அல்லாஹ். அந்த ஐயா சொன்னதுதான் என் கதையும். கறுத்த வயிற்று ஆலா என்று எங்கட வாப்பா வேறே பேர் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றென்று அறுபது வயதில் இந்த இழையில்தான் அறிந்தேன்.

இளைப்பாறிய ரீச்சர் | ஏப்ரல் 12, ஞாயிறு, மாலை 5.45

கீச்சான் கொப்பு இன்றைக்கு வெறுமை. வெள்ளி காலை 7.10க்குக் கண்டது கடைசி. சனி மழை, நான் வெளியே வரவில்லை, அதனால் சனியா வெள்ளியா என்று சொல்ல முடியாது. இந்த வருடமும் ஒரு நாள் தவறிவிட்டது.

முகத்துவாரத்தான் | ஏப்ரல் 18, சனி, காலை 9.30

புத்தாண்டு விடுமுறையில் கரை முழுக்கச் சனம், பட்டம், பலூன். ஆலா இல்லை. பஞ்சுருட்டான் 10ஆம் திகதிக்குப் பிறகு இல்லை. உப்புக்கொத்தி ஒன்றே ஒன்று, நெஞ்சு கரி. ஆறுமணிக்குருவியின் கடைசிச் சீழ்க்கை ஏப்ரல் 9, மாலை 6.17.

அடம்பன் மட்டும் முந்தியதைவிட நிறையப் பூத்திருக்கிறது.

மாபோலை நானா | ஏப்ரல் 19, மாலை 6.10

தம்பி, கால்வாயில் இன்றைக்கு ஒரு ஆலா. தனியாக. வயிறு வெள்ளை, மீசை இல்லை. மற்றதெல்லாம் போயிருக்க இது ஏன் நிற்கிறது? காயமோ என்று பார்த்தேன், நன்றாகத்தான் பறக்கிறது.

இளைப்பாறிய ரீச்சர் | ஏப்ரல் 19, இரவு 7.40

போன வருடக் குஞ்சாக இருக்கலாம் நானா. முதல் வயதுக்காரருக்குக் கூடு கட்டுகிற அவசரம் இல்லை, சிலது போகாமலே இங்கே ஒரு வருடத்தைக் கழிக்கும். கச்சான் மழைக்குள்ளும் நின்றால் தெரிந்துவிடும்.

முகத்துவாரத்தான் | ஏப்ரல் 19, இரவு 8.05

நானா, கால்வாயில் எந்தப் பாலத்துக்குக் கிட்ட? சனிக்கிழமை விடிய வருகிறேன், கொப்பியோடு.